நாள் கடந்த கர்ப்பமும் வீட்டுக் கஷாயமும்



கள்ளிக்காட்டு மலையோரத்திலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை கேரள–தமிழக எல்லை வரைக்கும், நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் காலையும் மாலையும் ஒரே விசாரிப்புதான்: "மக்ளே, நோவு ஒண்ணும் தொடங்கலியா?" ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிக் கொடுத்த தேதி கடந்துவிட்டால் விசாரிப்பு வைத்தியமாக மாறிவிடுகிறது. மாமியார் சீரகத்தை வறுத்து, கருப்பட்டி தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சுகிறார். பக்கத்து வீட்டு ஆச்சி ஆமணக்கெண்ணெய்க் குப்பியோடு வருகிறார். ஒருத்தி பப்பாளிக்காயைச் சொல்கிறாள். இன்னொருத்தி கைதச்சக்கையை, அதாவது அன்னாசியைச் சொல்கிறாள். குனிந்து முற்றம் பெருக்கச் சொல்பவர்களும் உண்டு, இடுப்புக்கு வெந்நீர் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு.

இவற்றில் எது நன்மை தருகிறது, எது வெறும் நம்பிக்கை, எது ஆபத்து என்று பிரித்துப் பார்ப்பதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம். பாட்டிமார் சொன்னதையெல்லாம் மூடத்தனம் என்று தள்ளினாலும், அத்தனையும் அமிர்தம் என்று மெச்சினாலும் கர்ப்பிணிக்குப் பயனில்லை. வீட்டு மருந்துகளில் ஒன்றிரண்டு உண்மையிலேயே கர்ப்பப்பையை அசைக்கக்கூடியவை. அந்த வலிமை இருப்பதால்தான் அவற்றை ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது.

முதலில் அந்தத் தேதியைப் பார்க்கலாம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் எண்ணிச் சீட்டில் எழுதுகிறார்கள். பஸ் வரும் நேரம்போல அதை எண்ணிக் காத்திருக்கிறது வீடு. ஆனால் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரத்துக்குள் பிறப்பவை எல்லாம் காலத்தில் பிறந்தவையே. தலைச்சன் பிள்ளை பெரும்பாலும் சில நாள் தாமதித்தே வரும்.

வீட்டு மருந்துகளின் புகழுக்குக் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 280-ஆம் நாள் கடந்த ஒரு பெண்ணுக்கு எதைக் கொடுத்தாலும், அடுத்த சில நாட்களில் நோவு தானாகவே வந்துவிட வாய்ப்பு அதிகம். முந்தைய நாள் கஷாயம் குடித்திருந்தால் பேர் கஷாயத்துக்குப் போகும். முந்தைய நாள் கோயிலுக்கு நடந்திருந்தால் பேர் நடைக்குப் போகும். மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதைத் தீர்மானிக்க முடியாது.

அப்படி வைத்துப் பார்த்த இடம் ஒன்று தாய்லாந்து–பர்மா எல்லையில் இருக்கிறது. அங்குள்ள அகதி முகாமில் 40 வாரம் கடந்த 612 பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். 205 பேருக்கு ஆமணக்கெண்ணெய் கொடுக்கப்பட்டிருந்தது. 407 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. பேறு நடக்க எடுத்துக்கொண்ட காலத்தில் இரு கூட்டத்தாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தீங்கும் காணப்படவில்லை, உதவியும் காணப்படவில்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. 2000-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு நேர்மாறான முடிவைச் சொன்னது. ஆமணக்கெண்ணெய் குடித்த 52 பேரில் 30 பேருக்கு ஒரு நாளுக்குள் நோவு தொடங்கியது. குடிக்காத 48 பேரில் இரண்டே பேருக்குத்தான் தொடங்கியது. உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் இதைப் பரிசீலித்தபோது, தரமான சோதனைகளாக மூன்றுதான் கிடைத்தன. அவற்றில் பங்கேற்றவர்கள் 233 பெண்கள். அந்த அளவை வைத்துப் பலன் உண்டென்றும் சொல்ல முடியவில்லை, பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியவில்லை. எண்ணெய் குடித்த எல்லாப் பெண்களுக்கும் குமட்டல் எடுத்தது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஆமணக்கெண்ணெய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை ஜெர்மனியில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தார் 2012-இல் கண்டறிந்தார்கள். குடலில் அந்த எண்ணெய் உடைந்து ரிசினோலிக் அமிலம் வெளிப்படுகிறது. நோவைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் இயற்கைச் சுரப்பு எந்த ஏற்பியின் மேல் போய் உட்காருமோ, அந்த வகை ஏற்பிகளில் ஒன்றை இந்த அமிலமும் இயக்கிவிடுகிறது. அதே ஏற்பி குடல் தசையிலும் இருக்கிறது, கர்ப்பப்பைத் தசையிலும் இருக்கிறது. அந்த ஏற்பி இல்லாதபடி வளர்த்த எலிகளுக்கு ஆமணக்கெண்ணெய் கொடுத்தபோது பேதியும் ஆகவில்லை, கர்ப்பப்பையும் சுருங்கவில்லை. வயிறு போனால் நோவு வரும் என்று ஆச்சிமார் பார்த்து வைத்திருந்ததற்கு ஓர் அடிப்படை உண்டு என்பதை இது காட்டுகிறது.

கர்ப்பப்பையை அசைக்கும் பொருள் என்று ஆகிவிட்டால், அளவும் நேரமும் ஆளும் பார்த்துக் கொடுக்க வேண்டியதாகிறது. பேதி பலமானால் உடம்பில் நீர் வற்றும். பேற்றுக்கு வேண்டிய தெம்பை அந்தப் பெண் நோவு தொடங்குமுன்பே இழந்துவிடுவாள். 2003-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்த சம்பவம் இன்னும் கவலைக்குரியது. முதல் பிள்ளையை ஆபரேஷனில் பெற்ற பெண் ஒருத்தி, அடுத்த கர்ப்பத்தின் 39-ஆம் வாரத்தில் ஆமணக்கெண்ணெய் குடித்தாள். குடித்தது ஒரு தேக்கரண்டி அளவுதான். பழைய தையல் இருந்த இடத்தில் கர்ப்பப்பை கிழிந்தது.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் வேறு, ஆமணக்கு விதை வேறு. விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அதை அரைத்தோ மென்றோ யாரும் உட்கொள்ளக் கூடாது. சித்த மருத்துவர்கள் கடைசி மாதங்களில் தரும் பாவன பஞ்சாங்குலத் தைலத்துக்கும் ஆமணக்கெண்ணெய்தான் அடிப்படை. ஆனால் படித்த மருத்துவர் கர்ப்பிணியின் முந்தைய பேறுகளை விசாரித்து அளந்து கொடுப்பதும், மளிகைக் கடைக் குப்பியிலிருந்து கண்ணளவில் ஊற்றிக் கொடுப்பதும் ஒன்றாகாது.

சீரகக் கஷாயத்தின் கதை வேறு. அதை நோவு வரவைக்கும் மருந்து என்று சொல்வதைவிட, வந்த நோவு மெய்யா பொய்யா என்று அறியும் சோதனை என்று சொல்வதே பொருந்தும். கடைசி வாரங்களில் வயிறு இறுகி இறுகித் தளரும். சிலர் அதைச் சூட்டு வலி என்பார்கள். கஷாயம் குடித்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் சூட்டு வலி அடங்கும், மெய்நோவாக இருந்தால் விடாமல் கூடிக்கொண்டே போகும் என்பது தமிழ்நாட்டிலும் தென்திருவிதாங்கூரிலும் தலைமுறைகளாக நடக்கும் பழக்கம். இன்றைய மருத்துவமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. உடம்பில் நீர் குறைந்தாலும் அலைச்சல் கூடினாலும் பொய்நோவு வரும். நீர் குடித்து ஓய்வெடுத்தால் தணியும். இதில் சீரகத்தைவிட அதோடு சேர்ந்த வெதுவெதுப்பான நீருக்கும் ஓய்வுக்கும்தான் பங்கு அதிகம்.

கேரளத்தில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த நீர் அன்றாடக் குடிநீர். தான்வந்தரம் குளிகையைச் சீரகக் கஷாயத்தில் கரைத்துக் கொடுப்பதும் இங்கே பழகிய முறை. சமையலில் போடும் அளவில் சீரகத்தால் கேடு வராது. கருப்பட்டி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்ணுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். நாளொன்றுக்கு மூன்று வேளை கருப்பட்டிக் கஷாயம் குடித்தால் அதுவரை கட்டிக்காத்த அளவு கைவிட்டுப் போகும்.

பப்பாளிக்காயைப் பற்றிய நம்பிக்கையில் இரண்டு முகம் இருக்கிறது. முதல் மாதத்தில் கண்ணில் காட்டவே கூடாது என்பார்கள். கடைசி மாதத்தில் தின்னச் சொல்வார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணேசன் அடைக்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாகப் பழுத்த பப்பாளியின் சாறு கர்ப்பப்பையை ஒன்றும் செய்யவில்லை. காயில் வடியும் பாலோ, கர்ப்பப்பைத் தசையைப் பலமாகச் சுருங்க வைத்தது. பழத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, காயை மருந்தாக ஆக்கவும் கூடாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு காயில் எவ்வளவு பால் இருக்கும் என்பது மரத்துக்கு மரம், காய்க்குக் காய் மாறும். அளக்க முடியாத ஒன்றைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாகாது.

பேரீச்சம்பழத்துக்கு மேலான சாட்சியம் கிடைத்திருக்கிறது. ஜோர்டான் நாட்டில் 2007-லும் 2008-இன் தொடக்கத்திலும் நடந்த ஆய்வு ஒன்றில், குறித்த நாளுக்கு முந்தைய நான்கு வாரம் தினமும் ஆறு பேரீச்சம்பழம் சாப்பிட்ட 69 பெண்களையும், சாப்பிடாத 45 பெண்களையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்கு நோவு தானாகத் தொடங்கியது. மற்றவர்களில் 79 சதவீதம் பேருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கர்ப்பப்பை வாய் திறந்திருந்த அளவும் முதல் கூட்டத்தில் அதிகம். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் இதையே முடிவான தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் இது உணவு. நோவை வலிந்து இழுக்கும் மருந்து அல்ல. சர்க்கரை இல்லாத கர்ப்பிணி தாராளமாகச் சாப்பிடலாம்.

முற்றம் பெருக்குவது, மாவாட்டுவது, நடப்பது ஆகியவற்றின் பலன் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருக்கிறது. நோவு தொடங்கிய பிறகு படுத்துக் கிடக்காமல் நிமிர்ந்து நடந்தும் உட்கார்ந்தும் இருந்த பெண்களுக்கு, பேற்றின் முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி 22 நிமிடம் குறைந்தது என்று காக்ரேனின் 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு கூறுகிறது. "எழும்பி நட மக்ளே" என்று சொன்ன பேற்றுச்சிகள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இனி உள்ளதிலேயே ஆபத்தான செடிக்கு வரலாம். மழைக்காலத்தில் வேலி ஓரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் செங்காந்தள், தமிழகத்தின் மாநிலப் பூ. மலையாளத்தில் மேந்தோன்னி என்பார்கள். அதன் கலப்பைக் கிழங்கைப் பேற்றோடு சேர்த்துப் பேசுவது மிகப் பழைய வழக்கம். பேறு தடைப்பட்டால் அந்த வேரைக் கையிலும் காலிலும் கட்டச் சொல்கிறது சுசுருத சம்ஹிதை. நஞ்சுக்கொடி விழாவிட்டால் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவது நாட்டு வழக்கம். கட்டுவதும் பூசுவதும்தான் பழைய முறை, உள்ளே கொடுப்பது அல்ல. அந்தக் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு நிறைந்திருக்கிறது. தின்றால் உயிர் போகும். பாதி நினைவில் நிற்கும் வைத்தியம் எப்படிக் கொல்லும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். பேர் நினைவிருந்து, பயன்படுத்தும் விதம் மறந்துபோனால், மருந்து நஞ்சாகிவிடும்.

மேலை நாட்டு மருத்துவமும் இந்தப் பாடத்தை உயிர்கள் கொடுத்தே கற்றது. கம்பு, ரை போன்ற கதிர்களில் பிடிக்கும் எர்காட் என்ற பூஞ்சையை ஐரோப்பிய மருத்துவச்சிகள் நோவு கூட்டக் கொடுத்து வந்தார்கள். 1808-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டெர்ன்ஸ் அதைப் புகழ்ந்து எழுதினார். மருத்துவர்கள் பரவலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். கர்ப்பப்பை விடாமல் இறுகிக் குழந்தைகள் செத்துப் பிறந்தன. 1824-இல் டேவிட் ஹோசக் என்ற மருத்துவர் இந்தப் பொடி சாவுக்கு வழியாகிறது என்று எச்சரித்து, பிள்ளை பிறந்த பிறகு உதிரப்போக்கை நிறுத்த மட்டும் கொடுக்கச் சொன்னார். 1935-இல் அதிலிருந்து எர்கோமெட்ரின் பிரித்தெடுக்கப்பட்டது. பேற்றுக்கு முன்பு கொன்ற அதே பொருள், பேற்றுக்குப் பிறகு எண்ணற்ற தாய்மாரைக் காப்பாற்றியது. பொருளில் மாற்றமில்லை, கொடுக்கும் நேரமும் அளவும்தான் மாறின.

அகத்தியமலைக் காட்டின் அறிவும் இப்படிச் சோதிக்கப்பட்ட வரலாறு கள்ளிக்காட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததே. 1987-இல் ஆய்வாளர்களோடு மலையேறிய காணிப் பழங்குடியினர் களைப்புத் தீரத் தின்று வந்த ஆரோக்கியபச்சையின் காயைக் காட்டிக் கொடுத்தார்கள். பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்காவில் அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். உரிமக் கட்டணத்திலும் பங்குத்தொகையிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடாயிற்று. காட்டு அறிவை மதிப்பது என்றால் அதைச் சோதித்து, அளவு கண்டு, சொன்னவருக்கும் பங்கு கொடுப்பதுதான். பேற்று மூலிகைகளுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

காங்கோவில் அப்படி ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. 1960-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் அங்கே போன நார்வே மருத்துவர் லோரென்ட்ஸ் கிரான், பேற்று நேரத்தில் பெண்கள் ஒரு செடியைக் காய்ச்சிக் குடிப்பதைக் கண்டார். அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், கர்ப்பப்பையைச் சுருக்கும் புரதத் துணுக்கு ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்த வகைத் துணுக்குகள் பின்னாளில் நம் வேலியில் படரும் சங்குபுஷ்பத்திலும் கண்டுபிடிக்கப்பட்டன.

இந்த எல்லை ஊர்களின் பேற்று வரலாற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன்பு இரண்டும் ஒரே திருவிதாங்கூர். 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கினார். லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ் 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். வீட்டில் பேறு பார்த்த வயற்றாட்டிகளை அவர் பகைவர்களாக நினைக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே அழைத்து மருத்துவச்சிப் பயிற்சி கொடுத்தார். கேரளத்தின் இன்றைய நிலைக்கு அந்த அணுகுமுறையும் ஒரு காரணம். 2018–20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய்மார் மரணம் கேரளத்தில் 19, தமிழகத்தில் 54, இந்தியா முழுமைக்கும் 97.

இனி இந்தச் சொற்பொழிவின் நடுநாயகமான விஷயம். ஆமணக்கெண்ணெய் மாறவில்லை. அதைக் குடிக்கும் பெண்ணின் உடல்நிலை மாறியிருக்கிறது. பாட்டி காலத்தில் ஆபரேஷனில் பெற்றவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 38.9 சதவீதப் பேறுகளும் தமிழகத்தில் 44.9 சதவீதப் பேறுகளும் சிசேரியன். அதாவது இன்று இரண்டாம் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்களில் பலருக்குக் கர்ப்பப்பையில் ஒரு தழும்பு இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் வேறு. பாட்டி தன் ஐந்தாவது பேற்றில் குடித்து நலமாக எழுந்த எண்ணெய், தழும்புள்ள பேத்திக்கு அதே பலனைத் தரும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இந்த எச்சரிக்கையைச் சொல்லப் பாட்டிக்கு வாய்ப்பே இருக்கவில்லை. அவர் காலத்தில் இந்த நிலை இல்லை.

2024 பிப்ரவரியில் நேமம் பகுதியில் நடந்ததைச் செய்தித்தாள் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய பேறுகள் ஆபரேஷனில் முடிந்திருந்த ஒரு பெண்ணுக்கு, மருத்துவமனை வேண்டாம் என்று முடிவெடுத்து வீட்டிலேயே பேறு பார்த்தார்கள். தாயும் போனாள், சேயும் போயிற்று. 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டில் பேறு பார்த்தபோது ஓர் இளம் தாய் உதிரப்போக்கில் இறந்தார். இந்த இரண்டு இடங்களிலிருந்தும் பெரிய மருத்துவமனைகள் தொலைவில் இல்லை.

நாள் கடந்தால் ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்? 41 வாரம் நிறைவடைந்து, தேதிக் கணக்கிலும் சந்தேகம் இல்லையென்றால் நோவைத் தூண்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஸ்வீடனில் 2,760 பெண்களை இரு கூட்டமாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு கூட்டத்துக்கு 41 வாரத்தில் நோவைத் தூண்டினார்கள், மற்றவர்களை 42 வாரம் வரை காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்த கூட்டத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன, தூண்டிய கூட்டத்தில் ஒன்றுகூட இறக்கவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 34 சோதனைகளைத் தொகுத்த காக்ரேனின் 2020 கணக்கு, 544 பேருக்கு நோவைத் தூண்டினால் ஒரு குழந்தையின் மரணம் தவிர்க்கப்படும் என்கிறது. ஆபத்து சிறியதுதான், ஆனால் மெய்யானது. 40 வாரமும் இரண்டு நாளும் ஆனதற்காக வீடு பதற வேண்டியதில்லை. 41 கடந்த பிறகு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடாது.

தூண்டும் முறைகள் பலவுண்டு. உள்பரிசோதனையின்போது கர்ப்பப்பை வாயருகே பனிக்குடச் சவ்வை விரலால் மெல்ல விலக்கிவிடுவார்கள். சிறு பலூன் குழாய் வைத்து வாயை விரிப்பார்கள். 25 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவில் மிசோபிரஸ்டால் மாத்திரை கொடுப்பார்கள். ஆக்சிடோசினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இவற்றுக்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் உள்ள முக்கியமான வேறுபாடு, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே கொடுக்கிறார்கள் என்பது. துடிப்பு தடுமாறினால் சொட்டை நிறுத்தலாம். குடித்த எண்ணெயை நிறுத்த வழியில்லை. இன்னொன்றும் உண்டு: வீட்டில் எதையாவது குடித்துவிட்டு வந்ததைச் சொல்லாமல் மறைத்தால், அதன்மேல் ஆஸ்பத்திரி மருந்தும் சேர்ந்து கர்ப்பப்பை தளராமல் இறுகிக் குழந்தைக்கு மூச்சு முட்டலாம்.

ஏன் மறைக்கிறார்கள் என்பதை ஆஸ்பத்திரிகள் யோசிக்க வேண்டும். ஏச்சுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். 1990-களில் தமிழகத்தில் ஆய்வு செய்து 2003-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், நோவு கூட்டும் ஊசி அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகப் போடப்பட்டதையும், ஏழைப் பெண்கள் பேற்றறையில் வாங்கிய ஏச்சையும் பதிவு செய்திருக்கிறார். நோவு அதிகமானால் பேறு நல்லபடி முடியும் என்று நம்பிப் பெண்கள் அந்த ஊசியை விரும்பியதையும் எழுதியிருக்கிறார். வீட்டில் கஷாயம் கேட்ட அதே மனம்தான் ஆஸ்பத்திரியில் ஊசி கேட்கிறது. காத்திருப்பின் பயம் இரண்டிலும் ஒன்றே. அந்தப் பயத்தைக் கேட்டு ஆற்றும் ஒருவர் இருந்தால் பாதி எண்ணெய்க் குப்பிகள் திறக்கப்படாமலே இருக்கும்.

பாட்டிமார் கொடுத்தவற்றிலேயே மிகச் சிறந்தது குப்பியில் அடைக்க முடியாதது. கூடவே இருந்தார்கள். இடுப்பைத் தடவிக் கொடுத்தார்கள், வாயில் வெந்நீர் ஊற்றினார்கள், இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் காக்ரேன் சொன்னது: நோவு நேரம் முழுக்கத் துணை ஒருவர் கூட இருந்தால் சுகப்பேறு கூடுகிறது, நோவு நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பேற்றுத் துணையை அனுமதிக்கும் திட்டம் 2004-இலேயே தொடங்கியது. எல்லையின் இரு பக்கமும் எல்லாப் பேற்றறைகளிலும் அது நடைமுறையாக வேண்டும்.

நிறைவாகச் சில நடைமுறைச் செய்திகள். சீரக நீர், பேரீச்சம்பழம், மெல்ல நடப்பது, இடுப்புக்கு இளஞ்சூட்டில் வெந்நீர், நல்ல தூக்கம் ஆகியவற்றுக்குத் தடையில்லை. சர்க்கரை உள்ளவர்கள் இனிப்பை மட்டும் தவிர்க்க வேண்டும். ஆமணக்கெண்ணெய், பப்பாளிக்காய், காட்டு வேர்கள், பெட்டிக்கடைப் பொடிகள் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கலாகாது. முன்பு ஆபரேஷன் ஆனவர்கள், இரட்டைக் கர்ப்பம், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பவர்கள், இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஆகியோர் இவற்றைத் தொடவே கூடாது. எண்ணெய்த் துணியை உள்ளே வைப்பது, எண்ணெய் வஸ்தி கொடுப்பது போன்ற ஒன்பதாம் மாதச் சிகிச்சைகள் சரகர் காலத்தவை என்றாலும், வீட்டில் செய்தால் கிருமித்தொற்று வரும். ஆயுர்வேத, சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் ஸ்கேன் சீட்டையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ கஷாயம் காய்ச்ச அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை ஆகிய மூன்று இடங்களிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பெரிய சிக்கலுக்குத் திருவனந்தபுரத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது. கிளம்பும்போது கர்ப்பிணி எதைக் குடித்தாள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைக் கூட வருபவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்கும் நர்ஸ் அதை ஏசாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். கர்ப்பிணிகளுக்கான வகுப்பு அங்கன்வாடிகளில் நடக்கிறது. ஆனால் வீட்டில் கஷாயம் காய்ச்சுவது கர்ப்பிணி அல்லவே. மாதம் ஒரு நாள் மாமியார்களையும் ஆச்சிமாரையும் அதே அங்கன்வாடிக்கு அழைத்து, சுகாதார நர்ஸையும் ஆஷா பணியாளரையும் எதிரே உட்கார வைக்க வேண்டும். பேச வேண்டிய முதல் விஷயம், அந்த வார்டில் முன்பு சிசேரியன் ஆகி இப்போது மீண்டும் கர்ப்பமாக இருக்கும் பெண்களின் பட்டியலாக இருக்கட்டும்; அவர்களுக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதை நர்ஸ் சொல்லட்டும், எதைக் கொடுத்து வந்தோம் என்பதை ஆச்சிமார் சொல்லட்டும்.